காபுரேட்டருக்குக் கம்பி போடாதீர்கள்

நிந்தவூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அறுவடை முடிந்து நிறுத்திவைத்த பழைய பெற்றோல் லாண்ட்ரோவரை, அடுத்த போகத்துக்கு நெல் மூட்டை ஏற்ற எடுத்தால் இருமி இருமி நின்றுவிடுகிறது, காபுரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் கழற்றிக் கழுவிப் பாருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் மிதவைக் கிண்ணத்தில், பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் காற்றுப் பட்டுப் பழுப்புப் பிசினாகி ஜெட்டை அடைக்கும்.

காபுரேட்டரில் என்னை மிகவும் கவர்ந்த உறுப்பு இந்த ஜெட்தான். நடுவே துளையிட்ட சின்னப் பித்தளைத் திருகு. என்ஜின் இழுக்கும் காற்று ஒடுங்கிய கழுத்தில் வேகமெடுக்கும்போது அங்கே அமுக்கம் குறைகிறது; பெற்றோல் தானாக ஏறித் தெறிக்கிறது. ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது துளையின் அகலம். சொலெக்ஸ் காபுரேட்டரின் ஜெட்டில் 125 என்று பொறித்திருந்தால் துளை 1.25 மில்லிமீற்றர்.

நம் கராஜ்களில் பலர் அடைப்பைக் கண்டதும் இரும்புக் கம்பியால் குத்துகிறார்கள். பித்தளை மென்மையானது. அந்த 1.25 துளை 0.1 மில்லிமீற்றர் அகன்றாலே அதன் பரப்பு ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். பிறகு பிளக்கில் கரி, குழாயில் கரும்புகை, பெற்றோலுக்குக் கூடுதல் காசு. வாப்பாவோடு வயல் வட்டைக்குப் போன நாட்களில் கண்டிருக்கிறேன்: தண்ணீர்ச் சண்டை என்றால், நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை முதலில் பார்ப்பது, வரப்பில் தண்ணீர் பாயும் வக்கடையின் அகலத்தைத்தான். ஜெட்டுக்கும் அந்தக் கண் வேண்டும்.

ஜெட்டைக் காபுரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, காற்றடித்து ஊதுங்கள். றப்பர் பாகங்களை அதில் போடாதீர்கள். மிதவையைக் குலுக்கும்போது உள்ளே பெற்றோல் சலசலத்தால் அது ஓட்டை. நீடில் வால்வின் முனையில் தேய்ந்த வளையம் தெரிந்தால் மாற்றுங்கள். கேஸ்கட் புதிதாகவே இருக்கட்டும். போகம் முடிந்து வண்டியை ஒதுக்குமுன் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

1990களில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் என்ஜினைக் கிளப்பிச் சூடேற்றி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தச் சோதனையையும் தாங்கிய எளிய கருவி காபுரேட்டர். வீண்விரயம் கூடாது என்று ஓதிப் படித்த நாம், கழுவினால் ஓடக்கூடியதைக் கம்பியால் கெடுத்துப் பழைய இரும்புக்குப் போடுவது நியாயமில்லை. கராஜில் வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்: ஜெட்டுக்குக் கம்பி வேண்டாம்.