ஆற்றில் விழும் மரமும் ஆந்தைக்கு வேண்டும்

எடையை வைத்துப் பார்த்தால் உலகிலேயே பெரிய ஆந்தை பிளாக்கிஸ்டன் மீன் ஆந்தைதான். பெண் பறவை நான்கரை கிலோ வரை எடை இருக்கும்; சிறகை விரித்தால் ஆறடி. ரஷ்யாவின் தூரக்கிழக்கு, அதை ஒட்டிய சீனப் பகுதி, ஜப்பானின் ஹொக்கைடோ தீவு ஆகிய இடங்களில்தான் இது வாழ்கிறது. வளர்ந்த பறவைகள் மொத்தமே இரண்டாயிரத்தைத் தாண்டாது என்று மதிப்பிடுகிறார்கள். முட்டையிட மரமும் இரை பிடிக்க ஆறும் தனித்தனியாகக் கொடுத்தால் இந்தப் பறவை பிழைத்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் அந்த மரத்தையும் ஆற்றையும் பிரிக்க முடியாது என்பதுதான் இதன் வாழ்க்கை காட்டும் உண்மை.

மற்ற ஆந்தைகள் சத்தமில்லாமல் பறக்க, அவற்றின் சிறகு விளிம்பில் சீப்புப்பல் போன்ற நுண்ணிய அமைப்பு உதவுகிறது. இதற்கு அது இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனிடம் சிறகோசையை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆழமில்லாத ஓடையின் கரையில் அசையாமல் காத்திருந்து, மீன் தென்பட்டதும் பாய்ந்து, சொரசொரப்பான பாதங்களால் இறுகப் பிடிக்கும். கடும் குளிரிலும் உறையாமல் ஓடும் நீர்ப்பகுதிகளே இதற்கு உயிர்நாடி. இடுவது ஒன்றோ இரண்டோ முட்டைதான். சிறகு முளைத்த பிறகும் குஞ்சு பல மாதங்கள் பெற்றோரோடு இருக்கும். அதனால் ஒருமுறை குறைந்த எண்ணிக்கை எளிதில் மீள்வதில்லை.

ஹொக்கைடோவில் நூற்றுக்கும் கீழே போன இந்த ஆந்தைகளைக் காக்க, 1984 முதல் ஜப்பான் அரசு செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை வைத்தது, குளிர்காலத்தில் மீனும் கொடுத்தது. இன்று எண்ணிக்கை நூற்றைம்பதைக் கடந்திருக்கிறது. பெட்டியும் தீனியும் போதுமென்றால் பழைய மரங்களை ஏன் காக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்தப் பெட்டிகள் ஓர் இனத்தை அழிவின் விளிம்பிலிருந்து இழுத்துப் பிடித்தவை. அவற்றைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பெட்டி செய்வது மரத்தின் ஒரே ஒரு வேலையைத்தான். ரஷ்ய ஆற்றங்கரைக் காடுகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, முதிர்ந்த மரங்கள் கூட்டுக்கு மட்டுமல்லாமல் இரைக்கும் தேவை என்று காட்டியது. பெரிய மரம் ஆற்றில் சாயும்போது நீரோட்டம் தடைபட்டுக் கிளை ஓடைகளும் மடுக்களும் உருவாகின்றன. சால்மன் மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளர்வது அங்கேதான். ஆந்தை இரை தேடுவதும் அங்கேதான். இந்த வேலையைச் செய்ய எந்தப் பெட்டியாலும் முடியாது.

காட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. காடு முழுவதையும் பூட்டச் சொல்லவில்லை. ஆற்றோரப் பட்டையில் முதிர்ந்த மரங்களை விட்டுவைப்பதும், வேலை முடிந்ததும் மரம் ஏற்றும் பாதைகளை அடைப்பதும் போதும். பாதை அடைபட்டால் வண்டியில் அடிபட்டுச் சாகும் ஆந்தைகள் குறையும். திருட்டுத்தனமாகச் சால்மன் பிடிப்பவர்கள் ஆற்றை எட்டுவதும் கடினமாகும். சால்மன் அந்த மக்களின் பிழைப்பும்கூட என்பதால், ஆந்தைக்காக விட்டுவைக்கும் மரம் மனிதனுக்கும் நஷ்டமில்லை.