இல்லாத காலில் வலி: ஒரு கண்ணாடியின் கதை

மிதிவெடியிலோ ஷெல் வீச்சிலோ காலை இழந்த பெண்கள் சிலர், காயம் ஆறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த இல்லாத காலில் வலிக்கிறது என்பார்கள். பாதம் எரிகிறது, விரல்கள் மடங்கி இறுகிப்போய் நிற்கின்றன என்பார்கள். தலவிலப் பக்கம் நாங்கள் கூடும் பெண்கள் குழுக்களிலும் இந்தப் பேச்சு வருவதுண்டு. பைத்தியம் என்று நினைப்பார்களே என்ற பயத்தில் வீட்டாரிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

இது பைத்தியமல்ல. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் காயப்பட்டவர்களைப் பராமரித்த வைத்தியர் சைலஸ் வியர் மிச்சல், 1871 இலேயே இதற்கு 'மாய அவயவம்' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார். காரணம் தேடியவர்களில் முக்கியமான ஒருவர் தமிழர். 1951 இல் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன், சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர்.

எமது உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. கைக்குரிய இடத்துக்குப் பக்கத்தில் முகத்துக்குரிய இடம். கையை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத கையிலும் தொடுவதை அவர் உணர்ந்தார். கை போன பின்னும் மூளையில் அதன் இடம் வெறுமையாகிவிடவில்லை என்று இராமச்சந்திரன் குழுவினர் 1992 இல் எழுதினார்கள்.

அடுத்து வந்தது கண்ணாடி. இருக்கும் கைக்கும் இல்லாத கைக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் விம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைப்பதாக நினைக்க வேண்டும். இறுகிய கை விரிவதைக் கண் காண்கிறது, மூளையும் நம்பத் தொடங்குகிறது. 1996 இல் வெளியான அந்தக் கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. மற்றையவர் ஆய்வாளர் டயான் ரோஜர்ஸ் இராமச்சந்திரன், அவரது துணைவியார். கண்ணாடி என்றதும் உலகம் கணவரின் பெயரைத்தான் சொல்கிறது. இது எமக்குப் புதிதல்லவே!

ஓர் ஆய்வை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அதை எழுதியவரின் மதிப்பை அளப்பது இன்றைய வழக்கம். குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 10 இருந்தால் அவருடைய குறியீடு 10. இந்தக் கணக்கை 2005 இல் முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷும் அதே சான் டியாகோவின் பௌதிகவியலாளர்தான். ஆனால் மறுத்து எழுதினாலும் மேற்கோள் மேற்கோளே. ஓட்டிசத்துக்கு மூளையின் 'கண்ணாடி நரம்புக் கலங்கள்' பழுதாவதே காரணம் என்று இராமச்சந்திரன் சொன்ன கருத்து, பாராட்டைப் போலவே எதிர்ப்பையும் சம்பாதித்தது. கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஒரு கிராமிய வைத்தியசாலையில் கண்ணாடி ஒன்றை நிமிர்த்திப் பிடித்து நோயாளிக்கு உதவும் தாதியின் வேலையோ எந்தக் கணக்கிலும் வராது.

ஆனாலும் கண்ணாடி அமெரிக்கப் படையினரின் வோல்டர் ரீட் வைத்தியசாலைக்குப் போனது அந்தக் கட்டுரைகளின் வழியாகத்தான். அங்கு பிரெண்டா சான் குழுவினர் காலை இழந்தவர்களை மூன்று பிரிவாக்கி, தினமும் 15 நிமிடம், 4 வாரம் பரிசோதித்தார்கள். முடிவு 2007 இல் வந்தது. கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் பயிற்சி செய்த 6 பேரில் ஒருவருக்கே குறைந்தது. மனதில் கற்பனை மட்டும் செய்த 6 பேரில் 2 பேருக்குக் குறைந்தது, 4 பேருக்கு வலி கூடியது. சிறிய தொகைதான். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பதிலைத் தரவுமில்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

மருந்துச் செலவு இல்லை என்பதால் கேட்டுப் பார்க்கலாம். பொய்க்கால் பொருத்தும் இடத்திலோ வைத்தியசாலையின் பிசியோதெரபி பிரிவிலோ, வெட்டுப்பட்ட காலில் வலி இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். காலுக்கு முழுநீளக் கண்ணாடி வேண்டும். இரண்டு கால்களையும் இழந்தவர்களுக்கு இம்முறை பொருந்தாது, அவர்களுக்கு வேறு வழிகளை வைத்தியர் சொல்வார். இன்னொன்று: வோல்டர் ரீட்டில் கண்ணாடி பார்த்தவர்களில் இருவர், போன கால் திரும்பி வந்ததுபோலக் கண்டதும் துக்கம் தாங்காமல் கலங்கினார்கள். ஆகவே முதல் நாள் தனியே இருந்து பார்க்க வேண்டாம். தாயையோ சகோதரியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.