கண்ணில் பட்டால் மட்டும் போதாது

செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூருக்குக் கம்பி இழுக்காமல் இணையம் கொண்டுபோக வேண்டும் என்றால், யாருக்கும் முதலில் தோன்றுவது செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைதான். சுமார் 800 அடி உயரம். உச்சியில் ஒரு ஆன்டெனா வைத்தால் சுற்றுவட்டாரத்தில் பெரும்பகுதி பார்வைக்குள் வந்துவிடும். ஆனால் அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்கிறது சட்டம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் கோட்டை ஏறிவிட்டது. மறுமுனையில் சமணர் கோயிலின் கோபுரம் இருக்கிறது. அதில் இரும்புக் குழாயைக் கட்டும் யோசனையை நான் வாயெடுத்துச் சொல்லமாட்டேன். ஆக, இரு பக்கமும் மாடியும் டவரும்தான்.

டவர் எவ்வளவு உயரம்? கணக்குக்காகத் தூரத்தை 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரேடியோ அலையோ நடுவழியில் பருத்துப் போகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தூரத்துக்கு நட்டநடுவில் அதன் ஆரம் 11 மீட்டர். ஃப்ரெனல் மண்டலம் என்பது இதைத்தான். அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 7 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னொரு ஒன்றரை மீட்டர். விழுப்புரம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. நடுவில் 20 மீட்டர் பனை ஒன்று நின்றால், சமதரையில் இரு முனை ஆன்டெனாவும் 30 மீட்டரை நெருங்க வேண்டும். டிஷ்ஷுக்கு ஆகும் செலவைவிட டவருக்கு ஆகும் செலவு அதிகமாவது இதனால்தான்.

திசை பிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. டிஷ்ஷைத் திருப்பும்போது முதலில் கிடைக்கும் சிக்னல் பெரும்பாலும் பக்கக் கதிர், நடுக் கதிர் அல்ல. சட்டம் அனுமதிக்கும் 4 வாட் வீச்சு, எதிரே 30 டெசிபல் டிஷ் என்றால் 10 கி.மீ.க்கு மைனஸ் 62 டிபிஎம் அளவில் வர வேண்டும். மைனஸ் 80 காட்டுகிறதா? போல்ட்டை முடுக்காதீர்கள், இன்னும் திருப்புங்கள்.

அலைவரிசைக்குக் கட்டணம் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-இல் உரிமத்திலிருந்து விடுபட்டது, 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018 அக்டோபரில். இணைப்பை ஊருக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் தனி உரிமம் வேண்டும்.

கம்பியில்லாமல் ஊர்களை இணைப்பது இங்கே புதிதல்ல. புதுச்சேரியின் வில்லியனூரில், 1998-இல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வி.எச்.எஃப். ரேடியோவை வைத்துக் கிராமங்களை இணைத்தது. அடுத்த பெரிய பாய்ச்சல் தேனியில். அரவிந்த் கண் மருத்துவமனைக்காக, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவிகளையே நீண்ட தூரத்துக்குப் பழக்கினார்கள். கிராமத்துக் கண் மையத்தில் நோயாளி உட்கார்ந்திருப்பார், தேனியிலிருந்து மருத்துவர் வீடியோவில் பேசுவார்.

வைஃபை ஒரு கட்டடத்துக்குள் ஓடுவதற்காகப் பிறந்தது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலை உடனே எதிர்பார்க்கும். 15 கி.மீ. போய்த் திரும்பவே அலைக்கு 100 மைக்ரோ விநாடி ஆகிறது. அதற்குள் பொறுமை இழந்து அதையே மறுபடி அனுப்பும். முனைகள் முறை வைத்துப் பேசும்படியும், பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே பதில் போகும்படியும் பெர்க்லி ஆய்வாளர்கள் மென்பொருளை மாற்றி, 2007-இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். இன்று கடையில் வாங்கும் வெளிப்புற ரேடியோக்கள் பலவற்றிலும் இந்த முறை வைக்கும் வேலை உள்ளேயே இருக்கிறது.

ஆனால் அவர்களை உண்மையில் அலைக்கழித்தது மின்சாரம். மறு ஆண்டு வந்த கட்டுரை அதைத்தான் விரிவாகப் பேசியது: ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் கருகும் கருவிகள், பாதியில் நின்றுபோகும் ரூட்டர்கள், பழுது எங்கே என்று சொல்ல ஊரில் ஆள் இல்லாமை. அதற்காக உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள்.

எனவே மேல்சித்தாமூரில் இணைப்புப் போட நினைப்பவர்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக எர்த்திங்கையும் இடிதாங்கியையும் எழுதுங்கள், அடுத்து யுபிஎஸ். மாடிச் சாவி வைத்திருக்கும் உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு மாதச் சம்பளத்தையும் சேருங்கள். எந்த நிறுவனத்து ரேடியோ வாங்குவது என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)