நெற்றி தந்த மூக்கு

முகத்தில் தோன்றும் தோற்புற்றுக்குக் கத்தி வைத்தால் முகமே கெட்டுவிடும் என்று அஞ்சிக் காலங்கடத்துவோர் உண்டு. அவ்வச்சத்துக்கு இடமில்லை என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

தோற்புற்றில் பெருவழக்கான வகை, மேற்றோலின் அடியிலுள்ள உயிரணுக்களில் தொடங்குவது. நெடுநாள் வெயில்படுதல் அதற்கு முதன்மையான காரணம். ஆகவே மூக்கிலும் கன்னத்திலும் இமையோரத்திலும் மிகுதியாகத் தோன்றும். கருநிறத்தாரிடம் அஃது அரிது. தோன்றினால் கரிய மச்சம்போலத் தோற்றி ஏமாற்றுவதும் உண்டு. தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு அது பரவுதல் மிக அருமை. ஆயினும் இருக்குமிடத்தை அரித்து எலும்புவரை இறங்கவல்லது.

அதனை எச்சமின்றி எடுத்தலே முதற்கடமை. 1930-களில் அமெரிக்கரான பிரெடரிக் மோஸ் இதற்கொரு வழி கண்டார். மெல்லிய அடுக்காகத் தோலைச் சீவி, அதன் விளிம்பையும் அடிப்பகுதியையும் நுண்பெருக்கியில் பார்ப்பர். எந்தப் பக்கத்தில் புற்று எஞ்சியுள்ளதோ அந்தப் பக்கத்தில் மட்டுமே மீண்டும் சீவுவர். நோய் முற்றும் நீங்கும். நல்ல தோல் வீணாகாது.

எடுத்த இடத்தை நிரப்புவது எங்ஙனம்? இங்கே நம் நாட்டார் உலகிற்கு ஆசான்களாயினர். கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. 1792-இல் மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மூக்கறுபட்ட வண்டியோட்டி ஒருவருக்கு, பின்னர்ப் புனே அருகே செங்கல் அறுக்கும் மரபினர் ஒருவர் நெற்றித்தோலால் புதுமூக்கு அமைத்தார். அச்செய்தி 1794-இல் இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதனைக் கற்ற ஜோசப் கார்ப்யூ 1814-இல் இலண்டனில் அவ்வாறே செய்து வெற்றி கண்டார்.

இதன் நுட்பத்தை நம் மாந்தோப்பிலே காணலாம். ஒட்டுக் கட்டுவோர் தாய்க்கிளையை உடனே வெட்டுவதில்லை. ஒட்டுப் பிடித்த பின்னரே அறுப்பர். அதுபோலவே, நெற்றித்தோலைப் புருவத்தருகே ஒரு காம்பு விட்டு எடுத்து, திருப்பி மூக்கில் தைப்பர். காம்பின் வழியே குருதி பாய்ந்து தோலைக் காக்கும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் புதிய இடத்திலிருந்தே குருதி கிடைக்கத் தொடங்கும். பின்னர்க் காம்பை அறுப்பர். இன்றும் பெரிய மூக்குப் புண்களுக்கு இம்முறை கைகொடுக்கிறது.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை அறச்செயலாக மாற்றி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமானார். அவர் பிறந்த மண்ணின் மாணவர்களாகிய நீங்கள் ஒன்று செய்யலாம். வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ, வளர்ந்துவரும் மச்சமோ வீட்டுப் பெரியோர் முகத்தில் காணின், அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புண் சிறிதாயிருக்கையில் சென்றால், வெட்ட வேண்டியதும் சிறிது, வடுவும் சிறிது.