புது வண்டியும் பந்தய நாளும்

நம் கொச்சங்காடியில் மலை ஏது? ஒரு புறம் காயல். மறு புறம் சிறிது தொலைவில் கடல். நடுவே மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளும் நெருங்கிய தெருக்களும். ஏற்றம் என்று ஒன்றைக் காட்ட வேண்டுமாயின் தோப்பும்படிப் பாலத்தைத்தான் காட்ட வேண்டும். அத்தகைய ஊரில் என் தமையனார் மகன் சென்ற ஆண்டு மலைச் சைக்கிள் ஒன்றைத் தன் கையாலேயே பூட்டத் தொடங்கினான் என்றால், அன்பர்கள் நகைக்கக்கூடும்.

ஆனால், நகைப்பதற்கு இடமில்லை. ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் 29 வரை திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில் நடைபெற்றன. பல நாட்டு வீரர்கள் நம் மாநிலத்து மலைச் சரிவில் ஓட்டியதைக் கேள்வியுற்ற வாலிபர்களுக்கு ஆசை பிறப்பது இயல்பே அன்றோ?

இந்த விளையாட்டின் பிறப்பே வீட்டுப் பட்டறையைச் சார்ந்ததுதான். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேர்பாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலையிறங்கும் பந்தயம் ஒன்று நடத்தினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்குகள் அவை. ஒரு முறை இறங்குவதற்குள் உள்ளிருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். மறுபடி ஓட்டுமுன் புதிதாக அடைக்க வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு ‘மீண்டும் அடைத்தல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் மலைப்பாதைக்கென்றே தனிச் சட்டம் ஒன்றை உருவாக்கினார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் இடம் பெற்றது. வண்டியின் குறையைப் பட்டறை காட்டவில்லை, பாதைதான் காட்டியது என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

நிற்க. நம் பையன் கதைக்கு வருவோம். இரண்டாண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவன் ஒவ்வோர் உறுப்பாக வாங்கினான். மழைக்காலம் ஓய்ந்தபின் வரும் முதல் நெடும்பந்தயம் அவன் இலக்கு. மலைப்பாதையில் எழுபது கிலோமீட்டர். திண்ணையே பட்டறையாயிற்று. மாலைதோறும் நானும் உடன் அமர்ந்து சில நுட்பங்களைக் கற்றுக்கொண்டேன்.

இடப்புறப் பெடலின் புரி மட்டும் எதிர்த்திசையில் சுற்றுவது. இதை அறியாமல் வலிந்து முடுக்கினால் அது பொருந்தும் கிராங்கே பாழாகும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் சிறு திருகாணிகளைப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நியூட்டன் மீட்டர் அளவுக்கே முடுக்க வேண்டும். அளவு காட்டும் ஸ்பானர் இதற்கென்றே உண்டு. அன்றியும் நம் ஊர்க் கடற்காற்று பொல்லாதது. அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகாணியைக் கிரீஸின்றி முடுக்கினால், நாளடைவில் அரிப்பேறி இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு கழற்றுவது அரிது.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால், முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் வந்து சேரத் தாமதமாயிற்று. பந்தயத்துக்கு நான்கு நாட்கள் இருக்கையில்தான் வண்டி முழுமை பெற்றது. அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு எனக்கும் ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. என் தாயார் மட்டும் வாயிற்படியில் அமர்ந்தபடி, “புதுச் செருப்பு முதல் நாள் கடிக்கும், தெரியாதா ஐயா? அதைப் போட்டுக்கொண்டா நெடுவழி புறப்படுவது?” என்று கேட்டார்.

“ஆச்சி, இது செருப்பு அல்லவே!” என்று சிரித்தான் பையன். ஆயினும் அந்தச் சொல் அவன் மனத்தில் தைத்திருக்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் செல்லானம் வரை கடலோரமாக ஓட்டிச் சென்றான்.

திரும்பி வந்தபோது அவன் பேசவில்லை. புதிய கேபிள் தளர்ந்து, கியர் மாற்றும்போதெல்லாம் செயின் தாவியது. ஸ்போக்ஸ் கம்பிகள் படிந்து இளகியதில் பின் சக்கரம் சற்றே கோணியிருந்தது. டிஸ்க் பிரேக்கின் புதிய கட்டைகள் இன்னும் தகட்டோடு பழகாமையால் பிடிப்புப் போதவில்லை. இவற்றுள் ஒன்றும் பெருங்குறை அன்று. புது வண்டி எதற்கும் இயல்பானவையே. சமதரையில் வெறும் தொல்லையாக இருப்பவை, மலையிறக்கத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியும். கேபிளை இழுத்துக் கட்டலாம், கம்பிகளை முடுக்கலாம், மிதமான வேகத்திலிருந்து இருபது முப்பது முறை பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டால் கட்டைகளும் பழகிவிடும். ஆனால் முடுக்கியது நிலைத்ததா என்று அறிய மீண்டும் பல நாட்கள் ஓட்ட வேண்டும். அந்த நாட்கள் அவன் கையில் இல்லை.

அன்றிரவு நெடுநேரம் திண்ணையில் விளக்கு எரிந்தது. காலையில் பார்த்தால், பழைய வண்டியைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்திருந்தான். அதிலேயே சென்றான். பரிசு ஒன்றும் பெறவில்லை. பந்தயத்தை முடித்து, உடம்பில் கீறலின்றி வீடு திரும்பினான். புது வண்டி இப்போது அவனுக்கு நன்கு பழகிவிட்டது. அடுத்த பருவத்தை எதிர்நோக்கி நிற்கிறது.

பிள்ளைகளின் இத்தகைய ஆசையை வீண் செலவென்று பெற்றோர் தடுக்க வேண்டா. அருகில் அமர்ந்து, “பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே வண்டி தயாராகுமா?” என்று மட்டும் கேளுங்கள். ஆகாதெனில், பழைய வண்டியைத் துடைத்துக் கொடுங்கள்.