சப்பு விதை வாங்குபவர்கள் கவனத்திற்கு

மரக்காலை வைத்திருப்பவர்களுக்கு சப்புப் பலகையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பலகைக்குக் கேள்வி இருப்பதால் கன்றுக்கும் கேள்வி இருக்கிறது. தமிழில் சண்பகம் என்பதும் சிங்களத்தில் கினி சப்பு என்பதும் ஒரே மரம்தான். முன்பு மிச்சேலியா சம்பகா என்று எழுதியவர்கள் இப்போது மெக்னோலியா சம்பகா என்று எழுதுகிறார்கள். மலைக்காடுகளில் தானாக வளரும் வல் சப்பு வேறு இனம்.

கன்று வியாபாரத்தில் இறங்கிய முதல் வருடமே நான் கையைச் சுட்டுக்கொண்டேன். நன்றாகக் காய்ந்த விதை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினேன். 2,000 பைகளுக்கு மண் நிரப்பி, கூலி கொடுத்து, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினேன். நூறு கன்று கூடத் தேறவில்லை. விற்றவர் ஏமாற்றவில்லை, அவருக்கும் விஷயம் தெரியாது.

நெல், சோளத்தைப் போல இதைக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைக்க முடியாது. எண்ணெய்ச் சத்துள்ள விதை. சாதாரண சூட்டில் கிடந்தால் சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தி போய்விடும். உடனே விதைக்க முடியாவிட்டால் ஈர மணலிலோ மரத்தூளிலோ கலந்து குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

மரத்தோடு காயைப் பேசி முன்பணம் கொடுக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பழம் பக்குவமடைவது தெரியும் முன்னர் மரத்தில் வைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது எமக்குத் தெரிந்த விஷயம்தான். சப்பு விதையில் அதன் காரணத்தைக் கண்ணால் காணலாம். முற்றாத காயைப் பறித்தால் விதை முளைக்காது. குலையில் இரண்டொரு காய் வெடித்து, உள்ளே சிவப்பு தெரியும்போது பறிக்க வேண்டும். பிந்தினால் பறவைகள் முந்திக்கொள்ளும்.

பறித்த காயை நிழலில் பரப்பினால் தானாக வெடிக்கும். சிவப்புத் தசையோடு விதைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் எலியும் விடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துக் கசக்கிக் கழுவினால் கருப்பு விதை வரும். மிதப்பதை வீசிவிடுங்கள். மிகுதியை அன்றே மணல் கலந்த மேடையில், விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் போட்டு, தென்னோலை நிழலில் விதையுங்கள். தண்ணீர் தேங்கினால் நாற்று அடியழுகிச் சாயும்.

முளை வரத் தாமதமாகும். விதைக்குள் இருக்கும் கரு மிகச் சிறியது. அது உள்ளே வளர்ந்த பிறகுதான் முளை வெளியே வரும். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லையென்று மேடையைக் கிண்டிப் பார்த்துக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு சோடி இலை வந்ததும் பைக்கு மாற்றலாம்.

இப்போது விதை வாங்கும்போது பத்து விதையை நகவெட்டியால் வெட்டிப் பார்க்கிறேன். உள்ளே வெள்ளையாக, நிறைவாக இருந்தால் எடுப்பேன். மஞ்சளாகச் சுருங்கியோ எண்ணெய் சிக்கு நாற்றமோ இருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். கன்றுக்கு ஓடர் தருபவர்களிடமும், கன்று பைக்கு மாறிய பிறகுதான் முன்பணம் வாங்குகிறேன்.