'அல்' என்னும் அடையாளம்: ஸ்பானிய மொழியும் அரபுத்தமிழும்

மொழிகளின் வேற்றுமையை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை எடுத்துரைக்கிறது (30:22). இவ்வுண்மையைக் கடல்வழி வாணிகத்திலேயே கண்டுணர்ந்தவர்கள் நம் முன்னோர். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிற்கு அரபியரும் மலாய் நாட்டவரும் வந்து சென்றனர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தனர். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். பிறமொழி கற்பது அக்கரை மக்களுக்குப் பிழைப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அதே மாவட்டத்தில் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை விரிந்து கிடக்கிறது. செங்குன்றத்தில் 2010இல் ஸ்பெயின் நாட்டுக் கமேசா நிறுவனம் காற்றாலை ஆலையொன்றைத் தொடங்கியது. 2017இல் அந்நிறுவனம் சீமென்சின் காற்றாலைப் பிரிவோடு இணைந்தது. தொழில் நிமித்தம் ஸ்பெயினுக்கோ தென்னமெரிக்காவிற்கோ செல்ல நேரும் நம் இளைஞர்க்கு ஸ்பானியம் முற்றிலும் அந்நியமான மொழிதானா? அன்று என்பதே நம் விடை.

ஸ்பானியம் 20 நாடுகளின் ஆட்சிமொழி. அதன் உயிரொலிகள் அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்தே. தமிழ் நாவிற்கு இவை இயல்பானவை. 'பேசுகிறேன்' என்னும் வினையிலேயே 'நான்' அடங்கியிருப்பதுபோல, 'ஆப்லோ' என்றாலே 'நான் பேசுகிறேன்' எனப் பொருள்படும். தமிழர்க்குக் கடினமாகத் தோன்றக்கூடிய இரண்டு மெய்யொலிகளையும் திருமறை ஓதப் பயின்றவர் முன்பே அறிவார். ஒன்று அரபியின் 'கா' எழுத்தை ஒத்து, தொண்டையை ஒட்டிப் பிறப்பது. மற்றொன்று, 'தா' எழுத்தைப்போல் நுனிநாவைப் பற்களிடையே வைத்து ஒலிப்பது. இது ஸ்பெயினின் பெரும்பகுதியில் வழங்குகிறது, தென்னமெரிக்காவில் இதற்கு ஈடாக 'ஸ' ஒலியே உண்டு.

சொற்களிலும் உறவு தெரிகிறது. 711 முதல் 1492 வரை அந்நிலத்தில் முஸ்லிம் ஆட்சி ஏதேனும் ஒரு வடிவில் நிலவியது. அதன் விளைவாக ஸ்பானியத்தில் ஏறத்தாழ 4000 சொற்கள் அரபி வழி வந்தவை என மொழியறிஞர் கணக்கிடுவர். இவற்றுட் பல அரபியின் 'அல்' என்னும் சுட்டோடு சேர்ந்தே நிலைத்துவிட்டன. பருத்தி 'அல்கொதோன்' (அல்குத்ன்). தலையணை 'அல்மொஆதா' (அல்மிகத்தா). நகரத்தலைவர் 'அல்கால்தே' (அல்காழீ). சர்க்கரை 'அசூகார்' (அஸ்ஸுக்கர்); எண்ணெய் 'அசெய்தே' (அஸ்ஸைத்); அரிசி 'அரோஸ்' (அர்ருஸ்). முன்னவற்றில் லகரம் நிற்கவும் பின்னவற்றில் மறையவும் காரணம் யாது? கமரிய்யா, ஷம்ஸிய்யா எழுத்துகள் பற்றி மதரஸாவில் கற்ற விதியேதான்.

அன்றாடப் பேச்சில் 'வரை' என்னும் பொருள் தரும் 'ஆஸ்தா' அரபியின் 'ஹத்தா'விலிருந்து வந்தது. 'அவ்வாறு ஆகுக' எனும் விருப்பத்தைக் குறிக்கும் 'ஓஹலா' என்னும் சொல்லில் அல்லாஹ்வின் திருநாமமே பொதிந்துள்ளது. எனினும் எச்சரிக்கை வேண்டும். ஆன்மாவைக் குறிக்கும் 'அல்மா' இலத்தீன் சொல். 'அல்' எனத் தொடங்குவன எல்லாம் அரபியல்ல.

இவ்வுறவின் மற்றொரு முகம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்பெயினின் முஸ்லிம்கள் பலர் காலப்போக்கில் அரபி மறந்து ஸ்பானியமே பேசினர். அவர்களுக்காக 1462இல் செகோவியா நகரத்து முஃப்தி ஈசா இப்னு ஜாபிர் மார்க்கச் சட்டங்களை ஸ்பானிய மொழியில் தொகுத்தளித்தார். பின்னாளில் ஸ்பானியத்தையே அரபி எழுத்தில் எழுதும் வழக்கம் பரவியது. 'அஜமிய்யா' என்னும் சொல்லையொட்டி அதனை 'அல்ஹமியாதோ' என்பர். அரபியில் இல்லாத பகர ஒலிக்கு 'பா' எழுத்தின்மேல் ஷத்து இட்டனர். நம் ஆலிம்கள் ட, ப, ழ முதலிய ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளிகள் சேர்த்து அரபுத்தமிழை உருவாக்கியது நினைவுக்கு வருகிறதன்றோ? ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள் ஒரே தேவைக்கு ஒரே வழி கண்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் யாத்ததும் செகோவியா முஃப்தியின் நோக்கத்தாலேயே.

ஆனால் முடிவுகள் வேறுபட்டன. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னன், கிரனாதாவில் அரபி பேசுவதையும் எழுதுவதையும் தடைசெய்தான். முதியவர் பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலேய் அதனை எதிர்த்து விண்ணப்பித்தார். கீழை நாட்டுக் கிறித்தவர் அரபி பேசியும் கிறித்தவராகவே இருக்கின்றனர். எனவே மொழி வேறு, மதம் வேறு என்பது அவர் வாதம். அது ஏற்கப்படவில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். அரகோன் பகுதியிலுள்ள அல்மொனாசித் என்னும் ஊரில் 1884இல் பழைய வீடொன்றை இடித்தபோது, மறைத்து வைக்கப்பட்டிருந்த அல்ஹமியாதோ சுவடிகள் வெளிப்பட்டன. அச்சத்தால் ஒளிக்கப்பட்டவை அவை.

நம் அரபுத்தமிழை எந்த மன்னனும் தடைசெய்யவில்லை. பழவேற்காடு முதல் காயல்பட்டினம் வரை முந்தைய தலைமுறையினர், பெண்கள் உட்பட, அவ்வெழுத்திலேயே மார்க்கம் கற்றனர். இன்று அந்நூல்களைப் படிக்க வல்லோர் மிகச் சிலரே. அரபியும் தமிழும் அறிந்தவர் அவ்வெழுத்தைக் கற்க நெடுங்காலம் ஆகாது. ஸ்பானியம் கற்கும் உழைப்பில் ஒரு சிறு பங்கே போதும். அல்மொனாசித் சுவடிகள் வெளிப்பட்டபோது அவற்றைப் படித்தறிய அறிஞர்கள் இருந்தனர். நம் வீட்டுப் பெட்டிகளிலுள்ள கிதாபுகளை ஒருநாள் திறக்கும்போது படிக்க யார் இருப்பார் என்பதை இத்தலைமுறைதான் முடிவு செய்ய வேண்டும்.